இடது இருக்கை உங்களுக்கு

மெல்பர்ன் நகரின் நடுவிலிருந்து தென்கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது மூரபின் விமான நிலையம். பெரிய ஜெட் விமானங்கள் இங்கே இறங்குவதில்லை. ஐந்து ஓடுபாதைகள், சுற்றிலும் கோல்ஃப் மைதானங்கள், ஓரத்தில் தள்ளுபடிக் கடைகள் நிறைந்த வணிக வளாகம், மேற்கே எட்டிப் பிடித்துவிடும் தூரத்தில் போர்ட் ஃபிலிப் விரிகுடா. காற்று அடங்கியிருக்கும் காலை வேளையில் போய் வேலியோரம் நின்றால், சின்னஞ்சிறு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுவதும் வட்டமடித்து வந்து இறங்குவதுமாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றை ஓட்டுபவர்கள் மாணவர்கள்.

பிள்ளைகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போகும் நம் ஊர்ப் பெற்றோருக்கு ஒரு பட்டியல் தயாராக இருக்கும். கிரேட் ஓஷன் ரோடு, ஃபிலிப் தீவின் பென்குவின்கள், பஃபிங் பில்லி நீராவி ரயில், கேரம் டவுன்ஸில் இருக்கும் சிவா விஷ்ணு கோயில். மூரபின் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அங்கிருக்கும் பயிற்சிப் பள்ளிகள், விமானம் ஓட்டுவதைப் பற்றி எதுவுமே தெரியாதவர்களுக்கு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ நீளும் முதல் பாடத்தை நடத்துகின்றன. ஆஸ்திரேலியாவில் இதை ட்ரையல் இன்ட்ரடக்டரி ஃப்ளைட் என்கிறார்கள். அமெரிக்காவில் டிஸ்கவரி ஃப்ளைட், பிரிட்டனில் ட்ரையல் லெசன். கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆஸ்திரேலியாவில் அரை மணி நேரத்துக்குச் சுமார் இருநூறு டாலர் ஆகலாம். நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் அதே ஊரில் ஹெலிகாப்டரில் ஏறி ஊரைச் சுற்றிப் பார்க்கக் கேட்கும் பணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஹெலிகாப்டரில் நீங்கள் பயணி. ஜன்னலோரம் உட்கார்ந்து படம் எடுத்துவிட்டு இறங்கிவிடலாம். முதல் பாடத்தில் நீங்கள் மாணவர். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. காசு வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றிப் பறக்க ஒரு நிறுவனத்துக்குத் தனி அனுமதி வேண்டும். பயிற்சிப் பள்ளியின் அனுமதி கற்றுக்கொடுப்பதற்கானது. ஆகவே உங்களை ஏற்றிக்கொண்டால் கற்றுக்கொடுத்தே தீர வேண்டும். அதனால்தான் முதல் நாளே, முதல் நிமிடத்திலேயே, உங்களை இடது இருக்கையில் உட்கார வைக்கிறார்கள். விமானத்தில் அது கேப்டனின் இடம். பயிற்றுநர் வலப்பக்கம் உட்காருகிறார்.

இரண்டு பேர் முன்னாலும் ஒரே மாதிரி கட்டுப்பாடுகள் இருக்கும். இது இன்று இயல்பாகத் தெரிகிறது. ஒரு காலத்தில் அப்படி இல்லை. முதல் உலகப் போரின்போது பயிற்சியிலேயே ஏராளமான இளைஞர்கள் செத்தார்கள். 1917-ல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி பயிற்சி முறையையே மாற்றினார். ஆவ்ரோ 504 விமானத்தில் இரட்டைக் கட்டுப்பாடு, ஆசிரியரின் குரல் மாணவர் காதுக்குப் போக ஒரு குழாய், ஆபத்தான நிலைகளைத் தவிர்க்காமல் வேண்டுமென்றே அவற்றுக்குள் போய் வெளியே வரக் கற்றுக்கொடுப்பது. விமானம் ஏன் சுழன்று விழுகிறது என்ற காரணம் தெரிந்தவன் பயப்பட மாட்டான் என்று அவர் நம்பினார். அந்தக் குழாயின் இடத்தில் இன்று ஹெட்செட் இருக்கிறது. மற்றபடி ஸ்மித்-பாரி போட்ட பாதையில்தான் உலகம் முழுக்க விமானப் பாடம் நடக்கிறது.

மூரபின் விமான நிலையம் தாங்கியிருக்கும் ஹாரி ஹாக்கர் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஹாக்கர் 1889-ல் இந்தப் பகுதியில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1911-ல் இங்கிலாந்துக்குப் போய், மறு ஆண்டு சாப்வித் நிறுவனத்தின் பள்ளியில் பறக்கக் கற்றார். சில வாரங்களிலேயே 8 மணி 23 நிமிடம் ஓயாமல் பறந்து பிரிட்டிஷ் சாதனை படைத்தார். 1914-ல் சாப்வித் டேப்ளாய்ட் விமானத்தோடு சொந்த ஊருக்கு வந்து, காசு கொடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு மெல்பர்ன் வானத்தில் பறந்தார். 1919-ல் அட்லாண்டிக்கைக் கடக்க முயன்றபோது என்ஜின் சூடேறி நடுக்கடலில் இறங்க வேண்டியதாயிற்று. ரேடியோ இல்லாத ஒரு டேனிஷ் கப்பல் அவரைக் காப்பாற்றியது. சேதி கரைக்கு வந்து சேர்வதற்குள், இறந்துவிட்டார் என்று முடிவு கட்டி மன்னரே அவர் மனைவிக்கு இரங்கல் தந்தி அனுப்பிவிட்டார். நம் விமானப்படை பின்னாளில் ஓட்டிய ஹாக்கர் ஹண்டர் போர் விமானங்களின் பெயரில் இருப்பதும் இவர்தான்.

நான் போன அன்று எனக்கு முன்னால் நேரம் வாங்கியிருந்தவர் காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் பேறுகாலத்துக்கு மனைவியோடு வந்திருக்கிறார். பிறந்தநாள் பரிசாக மருமகன் இதை ஏற்பாடு செய்திருந்தார்.

“எனக்கு எதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம்? வயசுப் பிள்ளைக செய்யிறது” என்று வரவேற்பறையில் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தவர், நான் தமிழில் வணக்கம் சொன்னதும் பிடித்துக்கொண்டார். “தம்பி, நீங்களும் ஓட்டத்தான் வந்திருக்கீகளா? பின்னாடி உக்காந்து வாங்களேன். அந்தப் பிள்ளை இங்கிலீசுல வேகமாப் பேசுச்சுன்னா சொல்லுவீக.”

பயிற்றுநர் இருபத்தைந்து வயதைத் தாண்டாத பெண். எங்கள் எல்லோருடைய எடையையும் குறித்துக்கொண்டு கணக்குப் போட்டார். விமானம் செஸ்னா 172. இந்த ரகம் 1955-ல் முதன்முதலில் பறந்தது. 44,000-க்கு மேல் தயாரிக்கப்பட்டு, உலகில் மிக அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமானம் என்று பெயர் வாங்கியது. நான்கு இருக்கைகள் இருந்தாலும் எரிபொருள் தொட்டியை நிரப்பிவிட்டால் நான்கு பெரியவர்களைத் தாங்காது. புறப்படும்போது மொத்த எடை 1,157 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மருமகன் தானாகவே ஒதுங்கிக்கொண்டார்.

பறப்பதற்கு முந்தைய சோதனையை இந்தக் கட்டுரையைப் படிக்கும் யாரும் தவறவிட வேண்டாம். சில பள்ளிகளில் நேரமில்லை என்று அதை முன்கூட்டியே முடித்து வைத்துவிடுவார்கள். கூட வருகிறேன் என்று கேட்டு வாங்குங்கள். பாடத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

பயிற்றுநர் இறக்கைக்கு அடியில் குனிந்து, கண்ணாடி போன்ற சிறு குவளையை வால்வில் அழுத்தினார். இளநீல நிறத்தில் எரிபொருள் இறங்கியது. அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குமிழாகத் தங்கிவிடும். நிறம் மாறியிருந்தால் வேறு எரிபொருள் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பெரியவர் குவளையைக் கையில் வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார். “மழைக்காலத்துல டேங்குல தண்ணி இறங்கிரும் தம்பி. நாங்களும் பாப்போம்.”

அதற்குப் பிறகு அவரிடம் இருந்த கூச்சம் போய்விட்டது. ஆயில் அளவுக் கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, தானே படித்தார். புரொப்பல்லரின் விளிம்பில் கல் பட்டு நசுங்கல் இருக்கிறதா என்று பயிற்றுநர் விரலால் தடவிக் காட்டியபோது, மறுபக்க இதழை அவர் தடவிப் பார்த்தார். முன்பக்கத் திறப்புகள் வழியே என்ஜினை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கேட்டார்:

“ரேடியேட்டர் எங்க?”

இல்லை என்றார் பயிற்றுநர். நான்கு சிலிண்டர்களும் பக்கவாட்டில் படுத்திருக்கின்றன; வீசுகிற காற்றுதான் குளிர்விக்கிறது. கியர்பாக்ஸும் கிடையாது. புரொப்பல்லர் நேரே கிராங்க் ஷாஃப்டில் பூட்டியிருக்கிறது. ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவான கொள்ளளவு, 180 குதிரைத்திறன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்கு மின்பொறி தர இரண்டு தனித்தனி மேக்னெட்டோ. பேட்டரி போனாலும் என்ஜின் ஓடும். ஒரு மேக்னெட்டோ போனாலும் மற்றது ஓட்டும். இதையெல்லாம் நான் தமிழில் சொல்லச் சொல்ல, பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் அவர் விளக்க வேண்டியிருந்தது.

கதவைச் சாத்தி, பெல்ட் போட்டு, “க்ளியர் ப்ராப்” என்று ஜன்னல் வழியே உரக்கச் சொல்லிவிட்டு என்ஜினைக் கிளப்பினார்கள். தரையில் விமானத்தைத் திருப்புவது காலால். இரண்டு பெடல்களில் எதை அழுத்துகிறோமோ அந்தப் பக்கம் மூக்கு திரும்பும். முன்னால் இருக்கும் யோக்கைக் கார் ஸ்டியரிங் என்று நினைத்துத் திருப்பாதவர் உலகில் இல்லை. பெரியவரும் திருப்பினார். விமானம் தன்பாட்டுக்கு மஞ்சள் கோட்டை விட்டு விலகியது. கைகளை முழங்காலில் வைத்துக்கொள்ளச் சொன்னார் பயிற்றுநர். கை சும்மா இருந்ததும் கால் கற்றுக்கொண்டது.

ஓடுபாதைக்கு முன்னால் நிறுத்தி, என்ஜின் வேகத்தைக் கூட்டி, சாவியை ஒரு மேக்னெட்டோவுக்கு மட்டும் திருப்பினார். சத்தத்தில் இலேசான தொய்வு. அளவுமானியின் முள் கொஞ்சம் இறங்கி நின்றது. மறுபடி இரண்டுக்கும் வந்து, அடுத்ததற்குத் திருப்பினார். பெரியவர் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. “கேட்டீகளா? ஒரு செட்டு பிளக்க நிறுத்திப் பாக்குறாக. ரெண்டும் ஒரே அளவுக்கு இறங்குது. நல்ல இஞ்சினு.”

வேகம் 55 நாட், அதாவது மணிக்குச் சுமார் நூறு கிலோமீட்டரைத் தொட்டதும் மூக்கை மெல்ல உயர்த்தச் சொன்னார் பயிற்றுநர். பெரியவர் கையோடு தன் கையும் தயாராக இருந்தது. தரை விலகியது. வலப்பக்கம் விரிகுடா விரிந்தது. மோர்டியாலக், செல்சி, கேரம் என்று கடற்கரையோரம் வரிசையாக ஊர்கள்.

போதிய உயரம் வந்ததும் கட்டுப்பாட்டைக் கைமாற்றும் சடங்கு நடந்தது. ‘இப்போது உங்களிடம்’ என்று ஒருவர் சொல்ல, ‘என்னிடம்’ என்று மற்றவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் யாரும் கையை எடுப்பதில்லை. யார் ஓட்டுகிறார் என்பதில் அரை விநாடி சந்தேகமும் இருக்கக் கூடாது. “ஐ ஹேவ் கன்ட்ரோல்” என்றார் பெரியவர், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது சொல்லும் குரலில்.

முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் மூக்கு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மெக்கானிக் அல்லவா, கண் முழுக்க அளவுமானிகளில். உயரமானி ஐம்பது அடி குறைந்தால் இழுத்தார். அது தாமதமாக ஏறி நூறடி கூடினால் தள்ளினார். பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை. மடியிலிருந்த எழுதும் அட்டையை எடுத்து அளவுமானிகளின் மேல் வைத்து மறைத்துவிட்டார். வெளியே பாருங்கள் என்று கை காட்டினார். வானமும் பூமியும் சந்திக்கும் கோட்டுக்கும் விமானத்தின் மூக்குக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று மட்டும் பார்த்தால் போதும். அந்த இடைவெளி மாறாதவரை உயரமும் மாறாது. அட்டையை எடுத்தபோது உயரமானி வைத்த இடத்தில் நின்றது.

இடப்பக்கம் திரும்பச் சொன்னார். இறக்கை சாய்ந்தது. தோண்டிவிட்ட கால்வாய்களின் ஓரம் வீடுகளும் படகுகளுமாக பேட்டர்சன் லேக்ஸ் கீழே நகர்ந்தது. சற்று உள்ளே, தட்டையான ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே கோபுரம். “அது நம்ம கோயிலுல்ல?” என்றார். போன வெள்ளிக்கிழமை பேத்தியோடு போய்வந்த இடம் அது. கையை யோக்கிலிருந்து எடுக்காமலே தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

அவர் இறங்கிய பிறகு என் முறை. என்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். இறுக்கிப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துவிட்டு, ‘ட்ரிம்’ என்ற சிறு சக்கரத்தை இரண்டு பல் நகர்த்தச் சொன்னார் பயிற்றுநர். யோக்கில் இருந்த எதிர்ப்பு கரைந்தது. இப்போது கையை எடுங்கள் என்றார். எடுத்தேன். விமானம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு சின்னக் காற்று இறக்கையைத் தூக்கியது. விமானம் அசைந்து, தானாகவே நிலைக்கு வந்தது. அதைக் காற்றில் பிடித்து வைத்திருப்பது நான் என்று அதுவரை நம்பியிருந்தேன். பறப்பதற்கென்றே வடிவமைத்த பொருள் அது; வழிமறிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. எத்தனை விமானப் பயணம் போனாலும் நடு இருக்கையில் உட்கார்ந்து இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, என்ஜின் நின்றுவிட்டால்? செஸ்னா 172 என்ஜின் இல்லாமல் ஒவ்வோர் அடி இறங்குவதற்குள்ளும் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னால் போகும். மூவாயிரம் அடி உயரத்தில் இருந்தால் எட்டு கிலோமீட்டர் தூரத்துக்குள் இறங்க இடம் தேடலாம், யோசிக்கச் சில நிமிடங்களும் கிடைக்கும். பயிற்றுநரோடு பேசிக்கொண்டே பறந்தால் கவனியுங்கள், அவர் கண் அடிக்கடி கீழே வயல்வெளிகளை மேய்ந்துகொண்டிருக்கும். ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய விமான சேவையின் பாதுகாப்பு சின்ன விமானத்துக்குக் கிடையாது. ஆபத்தைப் பற்றி உங்களிடம் நேராகப் பேசும் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். கேட்டதும் சிரித்து மழுப்பும் பள்ளியை விட்டுவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் பயணக் காப்பீட்டுப் பாலிசியை எடுத்து விலக்குகள் பகுதியைப் படித்துவிடுங்கள். கட்டணம் செலுத்தும் பயணியாக வழக்கமான விமானத்தில் போவதைத் தவிர வேறு பறத்தல் எதற்கும் பணம் தர மாட்டோம் என்று பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். அப்படி இருந்தால் தனியாகக் கேட்டுச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். முதல் பாடத்துக்கு மருத்துவச் சான்று கேட்க மாட்டார்கள்; ஆனாலும் மூக்கடைப்பும் சளியும் இருக்கும் நாளில் போகாதீர்கள், இறங்கும்போது காது வலி தாங்காது. வயிற்றைக் காலியாகவும் வைக்க வேண்டாம், முட்டவும் சாப்பிட வேண்டாம். செருப்பு வேண்டாம், பெடலை உணரும்படி மெல்லிய அடிப்பாகமுள்ள காலணி நல்லது. உயரம் குறைந்தவர்கள் மெத்தை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மூக்குக்கு மேலே அடிவானம் தெரியாவிட்டால் பாடமே இல்லை.

ஊர் திரும்பும் நாளுக்கு முதல் நாள் என்று மட்டும் நேரம் வாங்காதீர்கள். மெல்பர்ன் வானிலையை அந்த ஊர்க்காரர்களே நம்புவதில்லை. வடக்கிலிருந்து அனல் காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே தெற்கிலிருந்து குளிர்காற்று புகுந்து ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். பயணத்தின் தொடக்கத்திலேயே, காலை நேரமாக வாங்கினால், தள்ளிப்போனாலும் இன்னொரு நாள் கைவசம் இருக்கும். வெயில் ஏறிய பிறகு நிலம் சூடாகி, காற்று மேலெழும்பி, சின்ன விமானத்தைக் குலுக்கும். பயிற்றுநர் வேண்டாம் என்று சொன்னால் வாதாடாதீர்கள். பறந்தால்தான் அவருக்குச் சம்பளம் என்ற நிலையில் இருக்கும் இளம் பயிற்றுநர்கள் பலர் உண்டு. அப்படிப்பட்டவர் வேண்டாம் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு கூடுதல்.

இந்த இளைஞர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் பெரிய விமானங்களுக்குப் போகும் வழியில் பறந்த மணிக்கணக்கைச் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள். நேற்று மாணவர்களாக இருந்தவர்கள். ஆகவே புதியவருக்கு எங்கே கை நடுங்கும் என்று அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். எங்கள் பயிற்றுநர் ஒரு முறைகூட அந்தப் பெரியவரின் கையிலிருந்து யோக்கைப் பறிக்கவில்லை. தன் கையை இரண்டு அங்குலம் தள்ளியே வைத்திருந்தார். அறுபது வயதைக் கடந்த ஒருவரை மாணவராக நடத்தவும், அதே சமயம் மரியாதை குறையாமல் நடத்தவும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

பறக்கக் கற்பது நமக்குப் புதிதல்ல. 1929-ல் ஜே.ஆர்.டி. டாட்டா இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். 1932-ல் அவர் கராச்சியிலிருந்து தொடங்கி வைத்த தபால் விமானத் தடம் பம்பாய், பெல்லாரி வழியாக மதராஸில்தான் முடிந்தது. 1936-ல் சரளா தக்ரால் சேலை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் ஓட்டினார். புளூ கிராஸை நிறுவிய சென்னை கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் 1951-ல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். மீனம்பாக்கத்தில் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் இருந்தது. இன்று நம் நாட்டுப் பயிற்சி நிலையங்கள் பெரும்பாலும் வணிக விமானி உரிமத்துக்காக லட்சங்களோடு வருபவர்களுக்கானவை. ஆசைக்கு ஒரு மணி நேரம் கற்றுக்கொள்ள ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் போய் நின்றால் வரவேற்கும் வாசல்கள் மிகக் குறைவு. அது மாற வேண்டும். மாறும்வரை, வெளிநாடு போகிறவர்களாவது இந்த வாய்ப்பை விடாமல் இருக்கலாம்.

இறங்கிய பிறகு அலுவலகத்தில் பயிற்றுநர் ஒரு பதிவேட்டை எடுத்து எழுதினார். விமானத்தின் பதிவு எழுத்துகள், தேதி, பறந்த நேரம் 0.6 மணி, கையெழுத்து. சான்றிதழ்த் தாளைவிட இது முக்கியம். பின்னாளில் உரிமத்துக்கு முயன்றால் இந்தப் பறத்தலும் கணக்கில் சேரும். ஆஸ்திரேலியாவில் ரெக்ரியேஷனல் பைலட் உரிமத்துக்குக் குறைந்தது 25 மணி நேரம் வேண்டும், இந்தியாவில் பிரைவேட் பைலட் உரிமத்துக்கு 40 மணி நேரம் என்று மருமகன் கைபேசியில் பார்த்துச் சொன்னார்.

பெரியவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னிடம் குனிந்து, “எத்தனை மணி நேரம் ஓடுனா இஞ்சினைப் பிரிப்பாகன்னு அந்தப் பிள்ளைகிட்டக் கேளுங்க” என்றார். கேட்டேன். 2,000 மணி நேரம் என்றார் பயிற்றுநர்; பக்கத்துக் கொட்டகையில் இப்போதுகூட ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், பார்க்கிறீர்களா?

மருமகன் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவர் அதற்குள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்.